உழவர் மக்களின் பள்ளிக்கூடம்

“நீ பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?” என்று சிறுவர்களைக் கேட்பது பெரியோர்களின் வழக்கம். கேள்வி எளிதாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை கூறுவதற்கும் ஒரு வாய்ப்பு வேண்டும். தான் கண்டும் கேட்டும் அறியாத நிலையை எவனும் விரும்புவதில்லை. ஒருபோதும் கைக்கு எட்டாது என்று தெரிந்ததை விரும்பத் துணிவதுமில்லை. மாணவனுக்குக் குறிக்கோள் இல்லை என்று குறைகூறும்பொழுது, அது முளைத்து வளர்வதற்குரிய நிலத்தையும் நீரையும் பள்ளி அவனுக்கு அளித்ததா என்று பார்ப்பதே முறையாகும். அவ்வாறு அளித்த பள்ளி ஒன்றின் வரலாற்றை மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்திலே காண்கிறோம்.

‘ரயத்து’ என்ற சொல் தமிழர்க்குப் புதியதன்று. நில வரியைக் குடியானவரிடமிருந்தே நேராக வசூலித்த ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் நடைமுறையில் இருந்தது. உழுது பயிரிடும் குடியானவனே ரயத்து. அவனிடமிருந்து வரி வாங்குவதற்குக் கிராமந்தோறும் ஏற்பாடு இருந்தது. அவன் மக்களுக்குக் கல்வி அளிப்பதற்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. உயர்நிலைப் பள்ளிகள் நகரங்களில் இருந்தன. நகரத்தில் தங்கிப் படிக்க வேண்டுமானால் உறைவிடமும் உணவும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். பணம் இருந்தாலும், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவனுக்கு இடங்கொடுப்பார் அரியர். ஆகவே, எழுத்தறிவோடு படிப்பை முடித்துக்கொண்டு ஏர் பிடிப்பதற்கு அப்பால் ஒரு வாழ்வைக் குடியானவன் மகன் நினைத்துப் பார்க்கவும் இடமில்லாமற் போயிற்று.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் பாவுராவ் பாட்டீல். 1887 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் கோலாப்பூர்ச் சீமையைச் சேர்ந்த கும்போஜ் என்னும் ஊரில், சமண சமயத்தைப் பின்பற்றிய வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவர் கோலாப்பூரில் பயின்ற காலத்தில் அச்சமஸ்தானத்தை ஆண்டவர் ஷாகு மகாராஜர். வெவ்வேறு சமூகத்து மாணவர் தங்கிப் படிப்பதற்கு 1901 முதல் விடுதிகள் பலவற்றை நிறுவச் செய்தவரும், 1917 இல் தம் நாட்டில் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்விக்கு ஆணையிட்டவரும் அவரே.

தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென 1908 இல் ஒரு விடுதி கோலாப்பூரில் திறக்கப்பெற்றது. அத்திறப்பு விழாவுக்குப் பாவுராவ் சென்று வந்தார். தீட்டுக் கழியக் குளித்துவிட்டு உள்ளே வருமாறு அவர் தங்கியிருந்த விடுதியார் கூறினர். அவர் மறுத்தார், விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு மாணவனுக்கு இடமில்லை என்று சொல்லப்படும்பொழுது அவன் படிப்பும் எதிர்காலமும் என்னாகும் என்பதை அவர் நூல்களில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

பின்னர் அவர் கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளை விற்பவராகக் கிராமங்களிலே சுற்றித் திரிந்தார். மாணவரைத் தேடி அவர் மேற்கொண்ட பயணத்துக்கு இத்தொழிலே முன்னோடியாயிற்று எனலாம். எந்தக் கிராமத்தில் பள்ளி இல்லை, எந்தக் குடும்பத்தில் படிக்கத்தக்க பிள்ளை மாடு மேய்க்கிறான் என்பவற்றையெல்லாம் அவர் நேரிற் கண்டார்.

1919 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள், விஜயதசமியை ஒட்டி, கராடு நகருக்கு அருகிலுள்ள காலே என்னும் சிற்றூரில் ‘ரயத் சிக்ஷண் சம்ஸ்தா’, அதாவது குடியானவர் கல்விக் கழகம், தோற்றுவிக்கப்பெற்றது. 1924 இல் அதன் தலைமையிடம் சாத்தாராவுக்கு மாறியது. அங்கே எல்லாச் சாதி மாணவர்களும் ஒரே கூரையின் கீழ்த் தங்கி, ஒரே அடுக்களையில் சமைத்ததை உண்டு படிக்கும் விடுதி ஒன்று ஏற்பட்டது. 1927 இல் சாத்தாராவுக்கு வந்த காந்தியடிகள் இவ்விடுதிக்கு ஷாகு மகாராஜரின் பெயரைச் சூட்டினார். 1932 ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தை நினைவுகூரும் வகையில் பூனாவிலும் இத்தகைய விடுதி தொடங்கப்பெற்றது.

விடுதியை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. தானியம் தீர்ந்துபோன வேளைகளில் பாவுராவின் துணைவியார் இலட்சுமிபாயின் நகைகள் ஒவ்வொன்றாக விலைபோயின. இறுதியில் தாலியும் மிஞ்சவில்லை. 1930 இல் அவ்வம்மையார் மறைந்தார். பெருங்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் நிறுவனர்களின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிப்பர். பசித்த பிள்ளைகளுக்கு உலை வைத்தவர்களுக்கும் அவ்வரிசையில் இடமுண்டு.

கொடையாளர் உதவியை மட்டும் நம்பி மாணவரை வளர்த்தால், அவர்கள் உள்ளத்தில் நன்றியோடு தாழ்வும் குடிபுகும் என்று பாவுராவ் கருதினார். ஆகவே, ‘உழைத்துப் பயில்க’ என்பதைத் தம் கழகத்தின் நெறியாக்கினார். மாணவர்கள் தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிட்டனர், கல் உடைத்தனர், மரம் நட்டனர், தாம் தங்கும் கட்டடங்களைத் தாமே எழுப்பினர். தன் சோற்றையும் படிப்பையும் தன் உழைப்பால் ஈட்டிக்கொண்டவன் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. தான் எழுப்பிய சுவரைப் பார்க்குந்தோறும், இன்னும் பெரியதொன்றையும் தன்னால் ஆக்க முடியும் என்ற எண்ணம் அவனுக்கு எழும்.

படிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகளைப் பாடுபட வைப்பது தகுமா என்று சிலர் கேட்கலாம். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடு இல்லையே என்பதும் நியாயமான கேள்விதான். ஆயினும், அம்மாணவர்கள் எதிரே இருந்த மாற்று வழியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். விடுதிக்கு வராதிருந்தால் அவர்கள் அதே உழைப்பைப் பிறர் நிலத்தில் செய்திருப்பர். மாலையில் அவர்களுக்கென்று ஒரு புத்தகம் காத்திருந்திராது. உழைப்பு அவர்களுக்கு முன்னமே உரியதாயிருந்தது. அதனோடு எதிர்காலத்தையும் இணைத்துக் கொடுத்ததே பாவுராவின் தொண்டு.

அவர் அடுத்து மேற்கொண்ட பணி இன்னும் தொலைநோக்கு உடையது. 1935 இல் சாத்தாராவில் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கென ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். குடியானவன் மகன் படித்து ஆசிரியனாகித் தன்னையொத்த குடியானவர் நடுவே திரும்பி வரும்பொழுது, ஊர்ச் சிறுவர்களுக்கு அவனே கண்கண்ட சான்றாகிறான். “நம் தெருவில் பிறந்தவர் இவர்” என்ற ஒரு சொல், மேடைப் பேச்சுகள் பலவற்றினும் வலியது. 1940 இல், பரோடா மன்னர் சாயாஜிராவின் பெயரால், கட்டணமில்லாத உறைவிட உயர்நிலைப் பள்ளி ஒன்று எழுந்தது. 1947 இல் சாத்தாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரியும், 1954 இல் கராடில் மற்றொரு கல்லூரியும் தோன்றின. விடுதியில் தொடங்கி ஆசிரியர் பயிற்சி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று ஒவ்வொரு படியாக அமைக்கப்பெற்ற இந்த ஒழுங்கு கருதத்தக்கது. ஒரு படியில் ஏறியவனுக்கு அடுத்த படி கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

மக்களால் ‘கர்மவீரர்’ என்று அன்போடு அழைக்கப்பெற்ற பாவுராவ், 1959 இல் பத்மபூஷண் விருது பெற்றார். பூனாப் பல்கலைக்கழகம் அவருக்கு அவ்வாண்டே டாக்டர் பட்டம் அளித்துப் பெருமைப்படுத்தியது. பள்ளியிறுதித் தேர்வைத் தாண்டாத ஒருவருக்கு இச்சிறப்பு கிடைத்தது. அவ்வாண்டு மே 9 ஆம் நாள் அவர் காலமானபொழுது, கழகத்தின் பொறுப்பில் 100 க்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளும் 30 க்கு மேற்பட்ட விடுதிகளும் இருந்தன. 2019 இல் நூற்றாண்டு கண்ட அக்கழகம் இன்றும் தொண்டாற்றி வருகிறது. அதன் சின்னம் ஆலமரம். விழுது நிலத்தில் ஊன்றித் தானே ஒரு மரமாகித் தாய் மரத்தைத் தாங்குவது ஆலின் இயல்பு. பயின்றவர் ஆசிரியராகி அடுத்த தலைமுறையைத் தாங்கிய இக்கழகத்துக்கு அது மிகவும் பொருந்தும்.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலார் கதையாகாது. சோறு இல்லாத வயிற்றில் கல்வி நில்லாது என்று உணர்ந்து, 1956 இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். டில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நம்மவர் நிதி திரட்டிப் பள்ளிகள் நிறுவியதும் தம் மக்கள் எதிர்காலத்தை எண்ணியேயாம். அப்பள்ளிகளிலே நம் வீடுகளிலும் கடைகளிலும் ஊழியம் செய்வோரின் பிள்ளைகளுக்கும் ஓர் இருக்கை உண்டா என்பதை ஒவ்வொரு சங்கத்தாரும் தம் ஆண்டுக் கூட்டத்தில் எண்ணிப் பார்ப்பாராக. அப்பிள்ளைக்கு இருக்கையும், ஒரு வேளை உணவும், மாலையில் படிக்க ஒரு விளக்கும் கிடைக்கச் செய்வோமாயின், பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய் என்று அவனையும் நாம் உரிமையோடு கேட்கலாம்.