துப்பாக்கியைப் பதிவதா, ஆளைப் பதிவதா?

வானொலியில் பேசியபோது நேரம் போதாமல் விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டால் போலீசார் என்ன செய்கிறார்கள், இதுவரை என்ன செய்து வந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நம் பாபடோயிட்டோய் வழியாகப் போகும் கிரேட் சவுத் ரோட்டிலிருந்தே தொடங்கலாம். காய்கறிக்கும் கோயிலுக்கும் நாம் தினமும் போய்வரும் இந்தச் சாலையைப் போட்டவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள். 1862இல் ஆளுநர் கிரே, தெற்கே வைகாட்டோ மீது படை எடுத்துப் போவதற்காக அமைத்த சாலை இது. 1863 ஜூலை 9ஆம் தேதி, மாங்கரே, இஹுமாட்டாவோ தொடங்கி இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த மாவோரி மக்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. ராணிக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், அல்லது ஊரைக் காலி செய்துகொண்டு தெற்கே போய்விட வேண்டும். பெரும்பாலோர் போய்விட்டார்கள். மூன்று நாளில் போர் தொடங்கிவிட்டது. அவர்கள் விட்டுப்போன நிலங்கள் பிறகு பறிமுதல் ஆயின. யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்வது நம் ஊரைப் பொறுத்தவரை இப்படித்தான் அறிமுகமானது.

அதற்கு முன்பே 1845இலும் 1860இலும் ஆயுதங்களைப் பற்றிச் சட்டங்கள் வந்துவிட்டன. மாவோரிகளின் கைக்குத் துப்பாக்கியும் மருந்தும் போய்ச் சேராமல் தடுப்பதே அவற்றின் நோக்கம். நம் தேசத்திலும் இதே கதைதான். 1878இல் வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் கலெக்டர் ஆஷைச் சுட்டார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். சட்டம் போட்டவர்களுக்கு அது எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்தில் வெள்ளையரும் பதிவு செய்தாக வேண்டும் என்ற நிலை 1920இல் வந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கைத்துப்பாக்கிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். 1912, 1913இல் நடந்த பெரிய வேலைநிறுத்தங்கள் அரசாங்கத்தின் நினைவில் இருந்தன. ரஷ்யப் புரட்சி வேறு நடந்து முடிந்திருந்தது. ஆக, ஒருவர் துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் முதலில் உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வாங்கிய துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அன்றைய நிலையத்துக் காவலருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். யார் குடிப்பவர், யார் வீட்டில் சண்டை என்பதை விசாரித்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை. படிவத்தில் எழுதியதைவிட அவர் மனத்தில் இருந்ததுதான் பெரிய பதிவேடு.

ஆனால் கையால் எழுதும் பேரேட்டுக்கு ஒரு குணம் உண்டு. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். பேரேட்டில் பதிவது சுலபம். பதிந்ததையும் கிடங்கில் உள்ளதையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கஷ்டம், செலவும் அதில்தான். இங்கே அந்த ஒப்பீடு நடக்கவில்லை. சொந்தக்காரர் இறந்துபோவார், பதிவில் உயிரோடு இருப்பார். துப்பாக்கி மகனிடம் போயிருக்கும், மகன் வேறு ஊருக்குப் போயிருப்பான். 1930இல் ஷாட்கன்களைப் பதிவிலிருந்து எடுத்தார்கள், 1968இல் திரும்பச் சேர்த்தார்கள். கடைசியில் போலீசாரே பதிவேட்டைச் சோதித்துப் பார்த்தபோது தவறுகள் மலிந்து கிடந்தன. எல்லாவற்றையும் திருத்திக் கணினியில் ஏற்ற ஆகும் செலவு மிக அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். அதன் முடிவுதான் 1983ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்.

அந்தச் சட்டம் 1984 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கைத்துப்பாக்கி போன்ற சிலவற்றைத் தவிர மற்றத் துப்பாக்கிகளை இனிப் பதிய வேண்டாம், ஆளை மட்டும் பார்த்து உரிமம் கொடுத்தால் போதும் என்பது அதன் அடிப்படை. ‘தகுதியும் ஒழுக்கமும் உள்ளவர்’ என்று போலீசார் ஒரு முறை முடிவு செய்துவிட்டால் ஆயுள் முழுவதற்கும் உரிமம். அதன்பின் அவர் எத்தனை துப்பாக்கி வாங்கினார் என்பதை யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. அப்போது உலகில் பல நாடுகள் இதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எல்லாப் பாரமும் அந்த ஒரு விசாரணையின் மேல் ஏறியது. விசாரணை எப்படி நடந்தது? விண்ணப்பிப்பவர் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் 30 கேள்விகள் கொண்ட தேர்வு எழுதுவார். வகுப்பை நடத்தியவர்கள் 2018 வரை மலைப் பாதுகாப்பு மன்றத்தின் தொண்டர்கள். பிறகு போலீஸ் நிலையத்தில் படிவம். அதில் இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும்: ஒருவர் நெருங்கிய உறவு, முடிந்தால் மனைவி அல்லது கணவன், மற்றவர் உறவில்லாதவர். விசாரணை அதிகாரி வீட்டுக்கே வருவார். துப்பாக்கி வைக்கும் பெட்டகம் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். விண்ணப்பித்தவரோடு பேசுவார், அவர் இல்லாத இடத்தில் உறவினரோடு தனியாகப் பேசுவார். கடைசிப் படிதான் முக்கியம். ஒரு மனிதனின் கோபம் அவன் மனைவிக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

இந்தியாவில் வேறு விதம். அங்கே உரிமம் தருபவர் மாவட்டக் கலெக்டர், மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். கலெக்டர் தரும் இடங்களில் போலீசார் விசாரித்து அறிக்கை மட்டும் கொடுப்பார்கள். அங்கே அறிக்கை எப்படி வரும், எதற்காகத் தாமதமாகும் என்பது வேறு கதை, நேயர்களுக்குத் தெரியாததல்ல. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கும் பழக்கத்தை ஊரில் பார்த்திருப்பீர்கள். குறை எவ்வளவு இருந்தாலும் விசாரிப்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர் என்ற பிரிவினை அங்கே உண்டு. நியூசிலாந்தில் விசாரிப்பது, உரிமம் தருவது, கணக்கு வைப்பது, தவறு செய்தால் பிடிப்பது எல்லாம் ஒரே துறை. எந்தக் கம்பெனியிலும் பணத்தை வாங்குபவரே கணக்கையும் எழுதினால் தணிக்கையாளர் முதல் வேலையாக அதைத்தான் குறையாக எழுதுவார்.

1990 நவம்பர் 13ஆம் தேதி டனீடின் அருகே அரமோவானா என்னும் கடலோரக் கிராமத்தில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். மறுநாள் போலீசார் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயுள் உரிமம் போய் புகைப்படத்துடன் 10 ஆண்டு உரிமம் வந்தது. ராணுவ வகை அரைத் தானியங்கிகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று ஆயிற்று. பழைய உரிமக்காரர்களைத் திரும்ப விண்ணப்பிக்கக் கூப்பிட்டார்கள். கடிதம் போன பலரிடமிருந்து பதிலே வரவில்லை. அவர்களிடம் இருந்த துப்பாக்கிகள் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்குப் பதிவேடும் இல்லை.

1997இல் ஓய்வு பெற்ற நீதிபதி சர் தாமஸ் தார்ப் ஒரு முழு ஆய்வறிக்கை கொடுத்தார். துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும், இந்த நிர்வாகத்துக்கென்று தனி ஆணையம் வேண்டும் என்பவை அதன் சாரம். 1999இல் மசோதா வந்தது. துப்பாக்கிச் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மசோதா கிடப்பில் போனது. என் கணிப்பில் இந்த வரலாற்றில் மிக விலை உயர்ந்த அலட்சியம் இதுதான்.

நம் தெற்கு ஆக்லாந்தில் 2008 ஜூன் மாதம் பலருக்கு நினைவிருக்கும். மனுரேவாவில் மதுக்கடை நடத்திய நம் சீக்கியச் சகோதரர் ஒருவர் கடைக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தார். அதே மாதத்தில் ஆசியர் வேறு சிலரும் தாக்குதலில் இறந்தார்கள். ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனோம். அப்போது கடைக்காரர்கள் சிலர், நாமும் துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன என்று பேசினார்கள். தற்காப்பு என்ற காரணத்தைப் போலீசார் இங்கே ஏற்பதில்லை. வேட்டை, தோட்டத்தில் முயல் தொல்லை, இலக்குச் சுடும் விளையாட்டு, பழம்பொருள் சேகரிப்பு, இப்படி ஏதாவது இருக்க வேண்டும். ஹண்டர்ஸ் கார்னர் என்று நம் ஊரில் ஓர் இடம் இருக்கிறதே தவிர, அங்கே புடவையும் இனிப்பும்தான் வாங்கலாம்.

ஓட்டை எங்கே என்பதைக் காட்டிய ஒரு சம்பவம் 2015இல் நடந்தது. ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், இல்லாத உரிம எண்ணையும் இல்லாத போலீஸ்காரர் பெயரையும் படிவத்தில் எழுதி அனுப்பி, தபால் வழியாக ஒரு துப்பாக்கியை வாங்கிக் காட்டினார். கடைக்காரர் போலீசாரிடம் சரிபார்க்கவில்லை, போலீசாரும் கேட்கவில்லை. முதலில் விசாரணைக்கு ஆளானவர் அந்தச் செய்தியாளர்தான்! பிறகு வழக்கு எதுவும் போடவில்லை. 2016இல் நமக்குப் பக்கத்தில் டாகனினியில் ஒரு வீட்டில் ராணுவ வகைத் துப்பாக்கிகள் பிடிபட்டன. நாடாளுமன்றக் குழு விசாரித்து 2017இல் 20 பரிந்துரைகள் தந்தது. அரசாங்கம் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை.

அதே 2017 செப்டம்பரில் டனீடினில் ஒருவன் உரிமத்துக்கு விண்ணப்பித்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சில நாட்களே ஆனவன். அவன் பெயரை நான் ஒலிபரப்பில் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. நெருங்கிய உறவாகத் தன் சகோதரியைக் குறிப்பிட்டான். அவர் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் வேறு ஆளைத் தரும்படி நிர்வாகம் கேட்டது. இணைய விளையாட்டில் பழக்கமான ஒரு நண்பரையும், அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரையும் கொடுத்தான். அந்த நண்பரோடு அவன் நேரில் இருந்த நாட்கள் சொற்பம். நண்பர் வாழ்ந்தது வைகாட்டோவில். டனீடினில் அவனை ஒருவர் பேட்டி கண்டார், வைகாட்டோவில் அவர்களை இன்னொருவர் பேட்டி கண்டார். இரண்டு காகிதங்களும் கோப்பில் சேர்ந்தன. உறவினர் என்ற கட்டத்தில் உறவினர் இல்லாமலே கட்டம் நிரம்பியது. நவம்பர் 16ஆம் தேதி உரிமம் கிடைத்தது.

விண்ணப்பித்து இரண்டரை மாதம். கவுன்டரில் நிற்பவர் கண்ணில் இது நல்ல சேவை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, இழுத்தடிக்கவில்லை, மரியாதைக் குறைவாகப் பேசவில்லை.

2019 மார்ச் 15ஆம் தேதி, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில், கிறைஸ்ட்சர்ச்சின் அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் அவன் 51 பேரைக் கொன்றான்.

விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2020 டிசம்பர் 8ஆம் தேதி வெளியானது. 44 பரிந்துரைகள். தாக்குதல் திட்டத்தை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கக் கூடிய தவறு எந்த அரசுத் துறையிடமும் இல்லை என்று சொன்ன அதே அறிக்கை, துப்பாக்கி உரிம நிர்வாகத்தில் போலீசார் தவறினார்கள் என்று தெளிவாக எழுதியது. வழிகாட்டி நூல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பணியாளர்களுக்குச் சரியான பயிற்சி இல்லை. அந்த நண்பருக்கு விண்ணப்பதாரரை உண்மையில் எவ்வளவு தெரியும் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. பிரதமர் ஜசிந்தா ஆர்டர்னும் போலீஸ் ஆணையர் ஆண்ட்ரூ கோஸ்டரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

இதற்கு ஒதுக்கிய பணத்தையும் பார்க்க வேண்டும். 10 ஆண்டு உரிமத்துக்கு நீண்ட காலம் கட்டணம் 126 டாலர் 50 சென்ட். ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 110 டாலர், அதாவது ஆண்டுக்கு 11 டாலர். வீட்டுக்கு வந்து பெட்டகம் பார்த்து மூன்று பேரிடம் பேசுவதற்கு அது எப்படிக் கட்டும்? கட்டவில்லை. மீதி போலீஸ் துறையின் பொதுப் பணத்திலிருந்து வர வேண்டும். திருட்டும் விபத்தும் தினமும் கதவைத் தட்டும் துறையில், உரிமப் பிரிவு எப்போதும் பந்தியின் கடைசி இலைதான்.

2019 ஏப்ரலில் அரைத் தானியங்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்யும் சட்டம் 119க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. அரசாங்கம் அவற்றை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. இழப்பீடு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். தலைமைத் தணிக்கையாளர் 2020இல் இதை ஆராய்ந்து, பணியை ஒழுங்காகவே நடத்தினார்கள் என்று பாராட்டினார். ஆனால் எத்தனை துப்பாக்கி வெளியே இருந்தது என்பது தெரியாததால் எவ்வளவு பயன் விளைந்தது என்று சொல்ல முடியவில்லை என்றும் எழுதினார். தொடக்க இருப்புத் தெரியாத கணக்கை யாராலும் முடிக்க முடியாது.

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 2020 சட்டத்தின்படி முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு 5 ஆண்டு உரிமம். விசாரணை கடுமையானது, காத்திருப்போர் வரிசை நீண்டது. மே மாதம் முதல் சனிக்கிழமை வாத்து வேட்டை தொடங்கும், அதற்குள் உரிமம் வரவில்லை என்று விவசாயிகள் கொதித்தார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவன் செய்ததற்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமக்காரர்கள் விலை கொடுக்கிறோம் என்பது அவர்கள் வருத்தம். 2022 நவம்பர் 30ஆம் தேதி துப்பாக்கிப் பாதுகாப்பு ஆணையம், மாவோரியில் டே டாரி புரேகே, போலீஸ் துறைக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவாகத் தொடங்கியது. 2023 ஜூன் 24 முதல் பதிவேடு திரும்ப வந்தது, இந்த முறை கணினியில். உரிமக்காரர்கள் தங்கள் துப்பாக்கிகளை ஏற்ற 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. ஆணையத்தைப் போலீசாரிடமிருந்து விலக்கி நடத்தப் போவதாக 2025 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. தார்ப் கேட்டு 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம்மில் துப்பாக்கி வைத்திருப்பவர் மிகச் சிலர். ஆனால் வேலை இடத்திலோ பக்கத்து வீட்டிலோ யாராவது தம் விண்ணப்பத்தில் உங்கள் பெயரைக் கொடுக்கக் கூடும், விசாரணை அதிகாரி உங்களைத் தேடி வரக் கூடும். நல்ல மனுஷர்தான் ஐயா என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் வழக்கம். அவர் கேட்பது, இவரை உங்களுக்கு எத்தனை ஆண்டாகத் தெரியும், வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா, குடிப்பாரா, கோபப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று. தீபாவளி விருந்தில் இரண்டு முறை பார்த்தவர் என்றால், இரண்டு முறை பார்த்தேன் என்று சொல்லுங்கள். அவர் அதை எழுதிக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போவார்.