ஆழ்கடல் சுறாவும் ஏற்காட்டுப் பல்லியும்

ஆழ்கடல் சுறா, சேர்வராயன் மலைப் பல்லி. அறிவியல் எதற்கு முதலில் பெயர் வைத்தது? கைக்கெட்டும் பல்லிக்கு என்றுதான் நினைப்போம். நடந்தது தலைகீழ்!

'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அரசுக் கப்பல் கடலை அளக்கப் போனது; கூடவே ஆழத்தில் வலையும் இறக்கியது. அந்தமான் கடலில் சிக்கிய குட்டையான சுறா ஒன்றுக்குக் கப்பல் மருத்துவர் ஆல்காக் 1891-இல் 'ஹிஸ்பிடம்' என்று பெயரிட்டார்.

ஏற்காட்டுக்கு 1820-களிலேயே காபி வந்துவிட்டது. ஆனால் அங்கே பகலில் திரியும் சின்னப் பல்லிகளில் 'நிமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ்' பெயர் பெற்றது 2000-இல், 'நிமாஸ்பிஸ் சேர்வராயென்சிஸ்' 2019-இல். இந்த வகைப் பல்லிகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய மரபணுவும் தேவைப்பட்டது.

ஆக, தூரம் ஒரு பொருட்டல்ல. எதைத் தேட ஆளும் பணமும் போகிறதோ அதுவே முதலில் பதிவாகிறது. பெயரில்லாத உயிர், பாறையை உடைக்கும்போது நஷ்டக் கணக்கில்கூட வராது.