பேடெக்கர் பேரனின் படலம்

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பேடெக்கர் என்றாலே பயண வழிகாட்டிதான். சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் ஊர் பார்க்கக் கிளம்புவார்கள். அந்தப் பதிப்பகத்தைத் தொடங்கிய தாத்தாவின் பெயரோடு 1877இல் பிறந்த பேரன் கார்ல் பேடெக்கர், குடும்பத் தொழிலை விட்டுவிட்டு இயற்பியல் பக்கம் போனார். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் வேலை.

1907இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று. காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் மின்சாரம் செலுத்தி, காட்மிய அணுக்களைத் தெறிக்கவிட்டு, கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் படியவைத்தார். பிறகு அதைச் சூடாக்கினார். உலோகம் ஆக்சைடானது; ஒளியை மறித்த படலம் ஒளியை விட ஆரம்பித்தது. அதுவரை சரி. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தியது!

இதில் என்ன அதிசயம்? பொதுவாக இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும். உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் நெரிசலாக இருக்கின்றன. மின்சாரத்தைச் சுமப்பதும் அவைதான், ஒளியைத் திருப்பி அனுப்புவதும் அவைதான். கண்ணாடியில் அவை இல்லை. ஒளி போகும், மின்சாரம் போகாது. பேடெக்கரின் படலம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஆக்சைடில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய சில இடங்கள் காலியாகக் கிடந்தால், அந்தக் குறையிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் விடுபடும். மின்சாரம் ஓட அது போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்கப் போதாது. இந்த விளக்கமெல்லாம் பிற்பாடு வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

1914 ஆகஸ்ட் 6, ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்த மூன்றாம் நாள், லியேஜ் நகரத் தாக்குதலில் அவர் இறந்தார். வயது 37.

அடுத்த உலகப்போரில்தான் இந்த வகைப் படலத்துக்குப் பெரிய வேலை வந்தது. விமானத்தின் முன்கண்ணாடியில் வெள்ளீய ஆக்சைடு பூசினார்கள். மின்சாரம் ஓடினால் கண்ணாடி சூடாகும், பனி உருகும், விமானிக்கு வழியும் தெரியும். பிறகு திரவப் படிகத் திரைகள், தொடுதிரைகள். இன்று உங்கள் போனில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மின்வாய் பெரும்பாலும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடுதான். தடிமன் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. செய்யும் முறை? அதே வெற்றிடம், அதே தெறிப்பு.

ஆனால் இதிலும் சிக்கல் உண்டு. தடிமனைக் கூட்டினால் மின்சாரம் சுலபமாக ஓடும், ஒளி குறையும். அழுத்தி வளைத்தால் விரிசல் விடும். இன்னொன்று, இப்படிப்பட்ட படலங்களில் பெரும்பாலானவை எதிர்மின்சுமையை மட்டுமே நன்றாகக் கடத்துகின்றன. நேர்மின்சுமையைக் கடத்தும் ஜோடி ஒன்று கிடைத்தால் ஒளி ஊடுருவும் மின்சுற்றுகளையே முழுசாகக் கட்டலாம்.

அதற்கு இப்போது ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் போயிருக்கும் பொருள்களில் ஒன்று தாமிர அயோடைடு. அதையும் மெல்லிய படலமாகச் செய்து, அயோடின் ஆவியைக் கொண்டு அதன் கடத்துத்திறனை மாற்றிக் காட்டியவர் பேடெக்கர்தான். ஒரு நூற்றாண்டு தாண்டி அந்த வேலை மறுபடி நடக்கும் இடங்களில் லைப்சிக் பல்கலைக்கழகமும் ஒன்று. அவர் குடும்பத்தின் சிவப்பு அட்டைப் புத்தகங்கள் அச்சாகி வெளிவந்த ஊர் அது.