விறகுக் கணக்கு சொன்ன சாட்சியம்

பஞ்சாபில் வங்கிப் பணியிலிருந்த ஜஸ்வந்த் சிங் கால்ரா துப்பறிவாளர் அல்லர். 1990களின் முற்பாதியில், காணாமற்போன சக பணியாளர்களைத் தேடிப் புறப்பட்ட அவர் அமிர்தசரஸ் மயானங்களை அடைந்தார். உரிமை கோரப்படாதவை எனக் காவல்துறை எரித்த உடல்களுக்கான விறகுச் செலவு அங்குள்ள பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தது. செலவுக்காக வைக்கப்பட்ட கணக்கே கொலைகளுக்குச் சாட்சியமாயிற்று.

1995 செப்டம்பர் 6 அன்று கால்ராவும் கடத்தப்பட்டார். அவரது உடல்கூடக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்ற ஆணைப்படி விசாரித்த சிபிஐ, 2,097 சட்டவிரோத எரியூட்டல்களைக் கண்டறிந்தது; அவர்களுள் 1,238 பேர் அடையாளம் காணப்படவில்லை. கால்ரா வழக்கில் 2005இல் காவல்துறையினர் அறுவர் தண்டிக்கப்பட்டனர்.

வரலாற்று மாணவர் அரசாணைகளோடு நின்றுவிடலாகாது. மயானப் பேரேட்டையும் வாசிக்கக் கற்க வேண்டும்.