மலைக்காற்றும் வாளெஃகும்

கொல்லுத்தொழில் என்றவுடன் இளைஞர் உள்ளத்தில் முதற்கண் எழுவது வாள். ஆயின் வாள் அத்தொழிலின் முடிவேயன்றித் தொடக்கமன்று. இவ்வுண்மையை நம் மலைநாட்டு வரலாறே உணர்த்துகின்றது.

ஹட்டனுக்குத் தெற்கே, சிவனொளிபாதமலைத் தொடருக்கு அப்பால், பலாங்கொடைக்கு அணித்தாக உள்ளது சமனலவெவ. ஆங்கு நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தில் ஆய்வு நிகழ்த்திய கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலார், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்புலைகள் பலவற்றைக் கண்டார். கி.பி. 7 முதல் 11 வரையிலான நூற்றாண்டுகளைச் சார்ந்த அவ்வுலைகளுக்குத் துருத்தி வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றை ஊதியது. அவ்வமைப்பில் உலைகட்டி அவர் சோதித்தபோது உயர்கரி எஃகும் கிடைத்தது. அம்முடிவு 1996இல் வெளியாயிற்று. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதுங்கால் சரந்தீபத்து எஃகையும் குறித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மற்றொரு முறையினை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார். இரும்பையும் மரத்துண்டுகளையும் மண்மூசையிலிட்டு, வாயடைத்து, கரிநெருப்பில் உருக்குவர். மரத்தின் கரி இரும்பிற் கலக்க, எஃகு பிறக்கும். அக்காலத்திலேயே அத்தொழில் அருகிப்போயிருந்தது. மலிவான ஐரோப்பிய இரும்பு வந்திறங்கியமை அதற்கொரு காரணமாகும்.

தென்னிந்திய மூசையெஃகு ஐரோப்பா சென்றபோது நிகழ்ந்ததும் சிந்திக்கத்தக்கது. ஆங்குள்ள கொல்லர் தம் வழக்கப்படி மிகுதியாகக் காய்ச்சி அடித்தனர், எஃகு நொறுங்கியது. பொருள் கடல் கடந்தது. சூட்டின் நிறமறியும் கண் கடக்கவில்லை. அக்கண்ணை நூல் தராது. ஆசானருகே நின்ற நாள்களே தரும்.

தொழிலாளியைக் காப்பதும் அவ்வறிவே. செந்நிறம் தணிந்து கருத்த இரும்பும் சுடும். ஆகலின் பட்டறையிற் கிடக்கும் எவ்விரும்பையும், புறங்கையை அணுக்கி வெப்பம் அறியாது தொடலாகாது. மலைக்குளிருக்கு அஞ்சிக் கதவடைத்துக் கரியுலை மூட்டுதல் உயிர்க்கே கேடு. துத்தநாகம் பூசிய தகரத்தை உலையிலிடின் நச்சுப்புகை எழும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் உடலுக்குப் பருத்தியாடையும் இன்றியமையாதன. நீரிலோ எண்ணெயிலோ தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்குந்தன்மைத்து. மீண்டும் மெல்லக் காய்ச்சிப் பதப்படுத்தாத அலகு முறிந்து தெறித்து, அருகிருப்போரையும் ஊறுபடுத்தும்.

ஆதலின் தொடக்கத்தார் முதலில் உலையோம்பவும், பின்னர் ஆணியும் கொக்கியும் அடிக்கவும், அதன்பின் தமக்கு வேண்டிய குறட்டைத் தாமே செய்யவும் கற்றல் முறையாகும். கத்தி அதற்குப் பின்னது. நீண்டு மெலிந்து எளிதில் வளையும் வாள் யாவற்றினும் பின்னது. தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தியை அடித்துத் தீட்டிப் பதந்தரும் முதியவர் ஒருவர் நம் அயலில் இருப்பின், அவரை நாடிச் செல்க. சமனலவெவவின் உலைகளை மண் காத்துத் தந்தது; அவற்றின்முன் நின்றோரது கைப்பழக்கத்தை அது காத்துத் தரவில்லை.