சட்டைக்கையில் தைத்த சிறகு

கருநீலக் கம்பளித் துணித் துண்டு ஒன்று. அதன் மேற்பகுதியில் சிறகு விரித்த வெள்ளைக் கழுகு. அடியில் சிவப்பு நிறத்தில் 'வி' வடிவப் பட்டைகள் மூன்று. இரண்டுக்கும் இடையில் நங்கூரமும் கேடயமும் தாங்கிய ஒரு சிறகிணை. அமெரிக்கக் கடற்படையில் 'ஏவியேஷன் பைலட்' என்னும் பணிப்பிரிவைச் சேர்ந்தவர்கள் இடக்கையில் தைத்துக்கொண்ட சின்னம் இது. பழைய படைச்சின்னங்களைச் சேகரிப்போர் இதைத் தேடி அலைகின்றனர். போலிகளும் அதனாலேயே பெருகியுள்ளன. இச்சின்னம் ஏன் இவ்வளவு அரிதாயிற்று என்று கேட்டால், விடை நெசவிலோ போரிலோ கிடைப்பதில்லை. விமானம் ஓட்டுபவரை எந்தப் பெயரால் அழைப்பது என்ற சிக்கலில் கிடைக்கிறது.

அமெரிக்கக் கடற்படையின் கைச்சின்னத்திற்கு ஓர் இலக்கணம் உண்டு. கழுகு, அணிந்தவர் பெட்டி ஆபீசர் என்னும் நிலையை எட்டியவர் என்று சொல்லும். (மாலுமிகள் அதைக் கழுகென்று சொல்வதில்லை, காகம் என்றே பேச்சில் வழங்குகின்றனர். அரசின் முத்திரைப் பறவையைக் காகமாக்கிவிட்ட அந்தக் கேலியில், அதை அணியக் காத்திருந்தவர்களின் பொறாமையும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.) பட்டைகளின் எண்ணிக்கை படிநிலையைக் குறிக்கும்: ஒன்று மூன்றாம் நிலை, இரண்டு இரண்டாம் நிலை, மூன்று முதல் நிலை. மூன்று பட்டைகளின் மேல் ஒரு வளைவும் சேர்ந்தால் அவர் தலைமைப் பெட்டி ஆபீசர், சுருக்கமாகச் 'சீஃப்'. நடுவிலுள்ள சிறு உரு தொழிலைச் சொல்லும். விமான எந்திரப் பணியாளருக்குச் சிறகு முளைத்த சுழல்விசிறி. விமானம் ஓட்டுபவருக்கு விமானியின் சிறகு. மங்கிய புகைப்படங்களில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது கடினம். பல பிழையான அடையாளப்படுத்தல்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

அதிகாரியல்லாத மாலுமிகளுக்கு விமானம் ஓட்டப் பயிற்சி அளிப்பது 1916இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் தொடங்கியது. 1920இல் அவர்களுக்கெனத் தனிப் பெயர் ஒன்று வகுக்கப்பட்டது: 'நேவல் ஏவியேஷன் பைலட்'. அதிகாரிகளுக்கு ஏற்கெனவே இருந்த பெயர் 'நேவல் ஏவியேட்டர்'. இரண்டையும் தமிழில் சொல்ல முயன்றால் கடற்படை விமானி, கடற்படை விமானி என்றே இருமுறை எழுத நேரும். ஆங்கில அகராதியிலும் இவற்றிடையே பொருள் வேறுபாடு மிகக் குறைவே. ஒரே வகை விமானம், ஒரே பயிற்சிக்களம், நெஞ்சில் ஒரே பொற்சிறகு. ஆனால் ஆணை பெற்ற அதிகாரி 'ஏவியேட்டர்', மாலுமி 'பைலட்'. வேறுபாடு செயலில் இல்லாதபோது அதைச் சொல்லில் நிறுவுவது நிறுவனங்களுக்குப் பழக்கமான வழி. சமூகமொழியியல் படித்தவர்க்கு இதில் வியப்பு இராது. ஒருபொருட் பன்மொழி என்று நாம் கடந்துபோகும் பல இடங்களில் இத்தகைய படிநிலை ஒன்று ஒளிந்திருப்பதுண்டு.

இவ்வேறுபாட்டைத் தாண்டியும் மாலுமி விமானிகள் தேவைப்பட்டனர். முதல் உலகப்போருக்குப் பின் வான்படைப் பிரிவு விரிந்தது. அதற்கேற்ற அதிகாரிகளின் தொகை இல்லை. 1926இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இரண்டு ஆண்டுகளுக்குள் கடற்படை விமானிகளில் குறைந்தது 30 விழுக்காட்டினர் மாலுமி நிலையினராக இருக்க வேண்டும் என்றது. சில ஆண்டுகளில் அந்த அளவு 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே 1926ஆம் ஆண்டுச் சட்டம், விமானப் பிரிவுகளின் தலைமையை 'ஏவியேட்டர்'களிடமே ஒப்படைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பறப்பதற்கான கதவு திறந்தபோதே தலைமைக்கான கதவு யாருக்குரியது என்பதும் எழுதப்பட்டுவிட்டது.

இனிச் சேகரிப்பாளர்களைக் குழப்பும் இடம். 'நேவல் ஏவியேஷன் பைலட்' என்பது ஒரு தகுதிப் பெயர். தகுதி பெற்றவர் நெஞ்சில் சிறகு அணிவார். 'ஏவியேஷன் பைலட்' என்பதோ ஒரு பணிப்பிரிவின் பெயர். அதில் சேர்ந்தவர் மட்டுமே கையில் சிறகு தைப்பார். முன்னது தொடர்ந்து நிலவியது. பின்னது 1924இல் உருவாகி, 1933இல் நீக்கப்பட்டு, 1942இல் மீண்டும் உயிர்பெற்று, 1948இல் முற்றாக ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தில் மாலுமி விமானிகள் பறந்துகொண்டுதான் இருந்தனர்; ஆனால் அவர்களின் சட்டைக்கை எந்திரப் பணியாளரின் கையாகவோ வானொலிப் பணியாளரின் கையாகவோ இருந்தது. நெஞ்சைப் பார்த்தால் விமானி. கையைப் பார்த்தால் மெக்கானிக்.

இதற்குச் சிறந்த சான்று இரண்டாம் போர்விமானப் படையணி. லெக்சிங்டன் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றிய இந்த அணியில் விமானிகளுள் பெரும்பாலோர் மாலுமி நிலையினர். சிறு குழுக்களை வழிநடத்தியவர்கள் அதிகாரிகள். 'பறக்கும் சீஃப்கள்' என்பது அதன் செல்லப்பெயர். அணியின் இலச்சினையிலேயே தலைமைப் பெட்டி ஆபீசரின் கழுகும் பட்டைகளும் இடம்பெற்றன. சட்டைக்கையில் தைக்க வேண்டியதை விமானத்தின் உடலில் எழுதிப் பறந்தவர்கள் அவர்கள். தங்களுக்கு மேல் அதிகாரி உண்டு என்று சொல்லும் சின்னத்தையே பெருமையின் சின்னமாக மாற்றிக்கொண்ட செயல் அது. இன்று 'பறக்கும் சீஃப்களின் கைச்சின்னம்' என்ற விளம்பரத்தோடு சிறகுச் சின்னம் ஒன்று விலைக்கு வந்தால் வாங்குபவர் நிதானிக்க வேண்டும். அந்த அணி புகழின் உச்சத்தில் இருந்த 1930களின் பிற்பகுதியில் அந்தப் பணிப்பிரிவே நடைமுறையில் இல்லை.

ஃபிளாய்ட் பென்னட்டின் வாழ்வு இதே சிக்கலை வேறு வகையில் காட்டுகிறது. 1926 மே 9 அன்று ரிச்சர்ட் பேர்டுடன் ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து வடதுருவத்தை நோக்கிப் பறந்தவர் அவர். அவ்விமானம் உண்மையில் துருவத்தை எட்டியதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பேர்டு அதிகாரி, பென்னட் 'ஏவியேஷன் பைலட்'. நாட்டின் மிக உயரிய வீரப்பதக்கம் இருவருக்கும் கிடைத்தது. பதக்க ஆவணத்தில் பென்னட்டின் பதவி 'மெஷினிஸ்ட்' என்றே பதிவாகியுள்ளது. மாலுமிக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட ஒரு பதவியின் முறையான பெயர் அது என்பது உண்மையே. எனினும், விமானம் ஓட்டிப் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றிய அரசுப் பதிவில் அவர் பெயருக்கு அருகே விமானி என்ற சொல் இல்லை என்பது உறுத்தவே செய்கிறது.

பணிப்பிரிவின் இந்த இரு காலங்களையும் ஒரு சின்னத்தைக் கொண்டே பிரித்தறிய முடியும் என்பது சேகரிப்புக் கலையின் சுவையான பகுதி. கழுகின் முகத்திசை பற்றிய விதி 1941இல் மாறியது. அதன்படி, எந்தக் கையில் அணிந்தாலும் கழுகு அணிந்தவரின் முன்பக்கத்தை நோக்க வேண்டும். விமானம் சார்ந்த பிரிவுகள் இடக்கைக்குரியவை. வலக்கை, போட்ஸ்வைன், குவார்ட்டர்மாஸ்டர், கன்னர் போன்ற பழைய கப்பல்தளப் பிரிவுகளின் தனியுரிமை. ஏவியேஷன் பைலட் பிரிவு இல்லாதிருந்த 1933க்கும் 1942க்கும் இடையில் இந்த விதிமாற்றம் வந்து விழுந்தது தற்செயல். ஆயினும் அதனால் கழுகின் கழுத்தே காலக்கணக்கு சொல்கிறது: இடக்கைச் சின்னத்தில் கழுகு பின்னோக்கினால் பெரும்பாலும் முதற்காலம், முன்னோக்கினால் இரண்டாம் காலம்.

மற்ற சான்றுகள் இவ்வளவு தெளிவானவை அல்ல. புற ஊதா ஒளியில் பளிச்சென ஒளிரும் நூல், போருக்குப் பின் பரவிய வெண்மையூட்டிகளையோ செயற்கை இழையையோ காட்டும் என்பர். ஆனால் உண்மையான பழைய சின்னத்தை யாரேனும் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். தங்கநிறப் பட்டையும் வெள்ளிக் கழுகும் நெடுங்கால நன்னடத்தைக்குரியவை. பகட்டாக இருப்பதால் அவற்றுக்கு விலை கூடுதல், போலிகளும் கூடுதல். போலிகளில் மிகத் தந்திரமானது முழுப்போலி அன்று. உண்மையான கழுகு, உண்மையான பட்டைகள். நடுவிலிருந்த சாதாரணத் தொழிற்குறி மட்டும் பிரிக்கப்பட்டு அங்கே சிறகு ஏறியிருக்கும். பின்புறத்தைத் திருப்பி, நடுவுருவின் தையல் மற்ற தையல்களோடு ஒத்துப்போகிறதா, பழைய ஊசித்துளைகள் எஞ்சியுள்ளனவா என்று பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி குறைவு.

சேகரிப்பாளர்கள் மீது வைக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. சட்டத்திற்குள் அடுக்கி மாட்ட வசதியாக இருக்கும் என்பதற்காகச் சின்னத்தைச் சட்டையிலிருந்து வெட்டி எடுக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. அதே இடக்கையின் கீழ்ப்பகுதியில் சாய்வாகத் தைத்த கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் நான்கு ஆண்டுப் பணிக்கு ஒன்று. சட்டையின் உட்புறத்தில் உரியவரின் பெயர் மையால் எழுதப்பட்டிருப்பதுண்டு. நெஞ்சில் பொற்சிறகு குத்திய துளைகள் இருக்கும். வெட்டிய துண்டில் இவை எதுவும் இல்லை. நெஞ்சின் துளைகள் போனபின், அந்தக் கைச்சிறகை அணிந்தவர் பறந்தவர் என்பதற்கு அத்துண்டே ஒரே சாட்சி. அதுவும் நடுவுரு மாற்றப்படாதிருந்தால் மட்டுமே. பெயரும் பணிக்காலமும் இருந்த துணி குப்பைக்குப் போக, எவருடையது என்று தெரியாத அலங்காரம் கண்ணாடிக்குள் எஞ்சுகிறது. தொடரிலிருந்து பிடுங்கிய சொல்லின் நிலைதான் அதற்கும்.

இரண்டாம் உலகப்போர் இச்சின்னத்தை மேலும் அரிதாக்கியது. போரில் விமானிகளின் தேவை பெருகியபோது மாலுமி விமானிகள் பலர் தற்காலிக அதிகாரிகளாக உயர்த்தப்பட்டனர். உயர்வு பெற்ற அன்றே கழுகும் பட்டைகளும் அவர்கள் கையிலிருந்து இறங்கின. நெஞ்சுச் சிறகு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்தினம் 'பைலட்'டாக இருந்தவர் மறுநாள் 'ஏவியேட்டர்'. ஓட்டிய விமானம் அதேதான். போர் முடிந்ததும் அவர்களில் பலர் பழைய நிலைக்கே திரும்ப நேர்ந்தது. அதிகாரி விமானிகள் தேவைக்கு மிஞ்சியிருந்த அக்காலத்தில், மாலுமிகளைப் புதிதாகப் பயிற்றுவதற்கான காரணம் எதுவும் எஞ்சவில்லை. 1948இல் பணிப்பிரிவும் மறைந்தது.

தகுதிப் பெயர் மட்டும் அதைப் பெற்றவர்களோடு தொடர்ந்து வாழ்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் கடைசி மாலுமி விமானியான மாஸ்டர் சீஃப் ராபர்ட் ஜோன்ஸ் 1981 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றார். அவர் நெஞ்சில் பொற்சிறகு இருந்தது. கைச்சின்னத்தில் விமானியின் சிறகுக்கு இடம் இல்லாமற்போய் அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.