நொத்தாரிசைத் தெரிவுசெய்தல் (டிக்கோயா)

இலங்கையில் வீடோ காணியோ வாங்கும்போதும் விற்கும்போதும் உறுதி முடித்துத் தருபவர் பிரசித்த நொத்தாரிசு. நொத்தாரிசுகளில் பெரும்பாலானோர் சட்டத்தரணிகள். ஆனால் எல்லாச் சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகள் அல்லர். நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் தனியார் காணி, தோட்டக் காணி, அரசாங்கம் வழங்கிய காணி ஆகியவை அருகருகே கிடக்கின்றன. ஆகவே இங்கு நொத்தாரிசின் முதல் வேலை எழுதுவதன்று. அந்தக் காணி விற்கக்கூடியதுதானா என்று கண்டறிவது.

சட்ட அடிப்படை

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் ஈடும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் கூடியிருக்கக் கையொப்பமிடப்பட வேண்டும். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிய கடதாசியால் காணி கைமாறாது.

அதே ஆண்டில் வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட ஆவணமில்லாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களும், அவற்றின் பின் தேயிலைத் தோட்டங்களும் விரிவதற்கு அது வழிவிட்டது. அந்தத் தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஓர் உறுதிகூட இல்லாமல் லயன்களில் வாழ்ந்தன. உறுதியை வாசித்துப் பழக வாய்ப்பே கிடைக்காத மக்களுக்கு, நேர்மையான நொத்தாரிசு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறார்.

காணியின் வகைகள்

*தனியார் காணி:* ஹட்டன்–டிக்கோயா நகரசபை எல்லைக்குள்ளும் சுற்றிலும் உறுதியுள்ள தனியார் காணிகள் உண்டு. இவற்றை வழக்கமான முறையில் விற்கலாம்.

*தோட்டக் காணி:* 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992க்குப் பின் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகையில் சென்றாலும், நிலம் அரசுடையதாகவே நீடித்தது. ஆகவே லயன் காம்பராவை அதில் குடியிருப்பவர் விற்க முடியாது. பணம் கொடுத்துக் கடதாசி வாங்கியவருக்குச் சட்டப்படி எதுவும் சேராது.

*வீட்டுத்திட்டக் காணி:* தோட்டக் குடும்பங்களுக்குத் தனிவீடுகள் கட்டப்பட்டுவருகின்றன. இந்திய உதவியுடன் மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். வீட்டில் குடியேறிய எல்லாருடைய கையிலும் உறுதி இருப்பதாகக் கொள்ளக் கூடாது. உறுதி இருந்தாலும், கைமாற்றுக்கு அதில் நிபந்தனை உண்டா என்பதை வரிவரியாக வாசித்து அறிய வேண்டும்.

*அரசாங்க அளிப்புக் காணி:* 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அளிப்புப் பத்திரம் பெற்ற காணியை விற்கப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி தேவை.

நொத்தாரிசின் கடமைகள்

1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இக்கடமைகளை விதிக்கிறது. உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேட வேண்டும். குறைந்தது 30 ஆண்டு உரிமைத் தொடரைப் பார்ப்பது தொழில் வழக்கம். தரப்பினர் எழுத்தில் சம்மதித்தால் இந்தத் தேடலைத் தவிர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. செலவு மிச்சம் என்று சொல்லி அப்படியொரு சம்மதத்தில் கையொப்பம் கேட்பவரிடம் வாங்குபவர் வேலையை ஒப்படைக்கவே கூடாது. ஈடு, நிலுவையிலுள்ள பிரிவிடல் வழக்கு, கூட்டுப் பங்காளிகளின் உரிமை ஆகியவை தேடலில்தான் வெளிப்படும்.

உறுதி மூன்று பிரதிகளாக முடிக்கப்படும். மூலம் வாங்குபவருக்கும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கும் போகும். மூன்றாவது நொத்தாரிசிடம் இருக்கும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முதலில் எழுதப்பட்டும் பதியப்படாத உறுதியைப் பின்னால் எழுதி நேர்மையாகப் பதியப்பட்ட உறுதி வென்றுவிடலாம். பதிவில் ஏற்படும் தாமதம் வீட்டையே பறித்துவிடக்கூடும்.

தெரிவு செய்யும் முறை

நொத்தாரிசின் நியமனப் பத்திரம் அவர் தொழில் செய்யும் நீதிப் பிரிவையும் உறுதி எழுதும் மொழியையும் குறிப்பிடும். ஆண்டுதோறும் தொழிற் சான்றிதழும் பெற வேண்டும். இரண்டையும் கேட்டுப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. அதை அவமதிப்பாகக் கருதுபவரை நாட வேண்டியதில்லை. தமிழில் உறுதி எழுதக்கூடியவரைத் தேடுவது மலையகத்தில் மிக முக்கியம். வேறு மொழியில் எழுதினால், கையொப்பமிடுமுன் முழுவதையும் தமிழில் விளக்கச் சொல்ல வேண்டும்.

விற்பவரோ தரகரோ காட்டும் ஆளை ஏற்காமல், வாங்குபவர் தமக்கென ஒருவரை அமர்த்துவது நல்லது. விற்பவரும் பணம் கைக்கு வருமுன், முழுத் தொகையும் பெற்றதாகக் கூறும் உறுதியில் கையொப்பமிடக் கூடாது. அற்றோனித் தத்துவத்தின் பேரில் ஒருவர் விற்க வந்தால், அது இன்னும் நடைமுறையில் உள்ளதா, அதை வழங்கியவர் உயிரோடு இருக்கிறாரா என்று நல்ல நொத்தாரிசு தாமே விசாரிப்பார். உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடத்தையும், மலைச்சரிவுக் காணியில் கட்டுவதானால் மண்சரிவு அபாயம் பற்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் அவர் கேட்பார்.

செலவு

விற்பனை உறுதிக்கான முத்திரைத் தீர்வை, மதிப்பின் முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம். மீதிக்கு 4 வீதம். 50 இலட்சம் ரூபா வீட்டுக்கு இது 199,000 ரூபாவாகும். தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்பவர், பிறகு பிணக்கு வந்தால் கொடுத்த பணத்தை நிரூபிக்கும் சான்றையே அழிக்கிறார். நொத்தாரிசுக் கட்டணம், தேடல் செலவு, தீர்வை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும்.

முறைப்பாடு

நொத்தாரிசு விதிகளை மீறினால் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும், சட்டத்தரணி என்ற நிலையில் தவறினால் உயர் நீதிமன்றத்திலும் முறையிடலாம். மோசடி பொலிசுக்குரியது. வழக்குச் செலவு தாங்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆனால் முறைப்பாட்டால் நொத்தாரிசு தண்டிக்கப்படலாமே தவிர, உரிமையில்லாதவர் விற்ற காணிக்கு அது உரிமை தந்துவிடாது. எனவே முற்பணம் கொடுக்குமுன் தேடலை முடித்துவிடுவதே உறுதியான பாதுகாப்பு.